கடல் எப்போதெல்லாம் மூச்சுத்திணறியது? அதைப் படிக்க வழிகாட்டிய ஹெரால்ட் யூரியின் கதை

மீனுக்கும் மூச்சு வேண்டும். கடல் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் அதன் மூச்சு. உலகக் கடல்களில் அந்த ஆக்சிஜன் 1960-லிருந்து அரை நூற்றாண்டில் 2 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்கின்றன அளவீடுகள். 2 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் இது சராசரிக் கணக்கு. அரபிக்கடலின் நடு ஆழங்களில் ஆக்சிஜன் ஏற்கெனவே கிட்டத்தட்ட இல்லை. கடல் சூடாகச் சூடாக அந்தப் பகுதிகள் இன்னும் விரியுமா, விரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமானால், இதற்கு முன் கடல் மூச்சுத்திணறியபோது என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

இங்கதான் சிக்கல். கடல் நீரின் ஆக்சிஜனை நம்பகமாக அளக்கும் முறையை ஹங்கேரியைச் சேர்ந்த லயோஷ் விங்க்லர் கொண்டுவந்ததே 1888-ல்தான். 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலை யார் அளந்து வைத்திருப்பார்கள்?

கடலடிச் சேறு வைத்திருக்கிறது. சேற்றில் சிக்கிய மாலிப்டினம், யுரேனியம், தாலியம் போன்ற உலோகங்களில் கனமான அணு எத்தனை, லேசான அணு எத்தனை என்ற விகிதத்தில் அந்தக் காலத்துக் கடலின் மூச்சுக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இந்த எழுத்தைப் படிக்க அரிச்சுவடி போட்டவர்களில் முதன்மையானவர் ஹெரால்ட் கிளேட்டன் யூரி. பள்ளிப் பாடத்தில் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு வரி, மில்லர்-யூரி பரிசோதனை என்று இன்னொரு வரி. அதோடு நாம் மறந்துவிடுகிற பெயர். அவர் வாழ்க்கையோ ஒரு வெப் சீரிஸுக்குத் தாங்கும்.

கூடாரத்தில் படித்த வாத்தியார்

1893 ஏப்ரல் 29. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் யூரி பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர், சபைப் போதகரும்கூட. யூரிக்கு 6 வயதானபோது காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வசதியில்லாத குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் யூரி கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியாராகப் போனார். முதலில் இண்டியானா, பிறகு மான்டனா. அங்கே ஒரு சுரங்கக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோதுதான், நாமும் காலேஜுக்குப் போனால் என்ன என்ற எண்ணம் வந்தது.

1914-ல் மிசோலாவில் உள்ள மான்டனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் காசில்லை. கூடாரம் போட்டு அதிலேயே தங்கிப் படித்தார், கோடை விடுமுறையில் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனார். எடுத்த பாடம் விலங்கியல். ஊர் வழியே ஓடும் ஆற்றின் தேங்குநீரில் வாழும் ஒருசெல் உயிர்கள் பற்றியதுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி. பின்னாளில் நோபல் வாங்கப்போகும் வேதியியலாளர் ஆரம்பித்தது குட்டைத் தண்ணீரில் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

அவரை வேதியியலுக்குத் தள்ளியது முதல் உலகப் போர். 1917-ல் பட்டம் வாங்கிய கையோடு, பிலடெல்பியாவில் வெடிமருந்து தயாரிக்கும் ஆலையில் வேலை. பிறகு பெர்க்லி. கில்பர்ட் லூயிஸ் என்ற பெரிய வாத்தியாரின் கீழ் 1923-ல் முனைவர் பட்டம். அடுத்த ஓராண்டு கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று உலகமே அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. திரும்பி வந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிறகு 1929-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம்.

தப்பான கணக்கு, சரியான விடை

ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதில்லை. வேதியியல் குணம் ஒன்றுதான், எடை மட்டும் வேறு. இவைதான் ஐசோடோப்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் ஒல்லி, ஒருவன் குண்டு என்பதுபோல. ஹைட்ரஜனுக்கும் இப்படி ஒரு குண்டு அண்ணன் இருக்க வேண்டும் என்று 1931-ல் பேச்சு எழுந்தது. இரண்டு வழிகளில் அளந்த ஹைட்ரஜனின் எடை ஒத்துப்போகவில்லை. அந்த வித்தியாசத்தை வைத்து, சுமார் 4,500 அணுக்களுக்கு ஒன்று கனமானதாக இருக்கலாம் என்று இரண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள்.

யூரி வேலையில் இறங்கினார். கூடவே ஜார்ஜ் மர்பி. வாஷிங்டனில் ஃபெர்டினாண்ட் பிரிக்வெட் பல லிட்டர் திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாகவிட்டு, கடைசியில் மிஞ்சியதை அனுப்பிவைத்தார். லேசானது முதலில் பறந்துவிடும், கனமானது அடியில் தங்கும் என்பதுதான் ஐடியா. அதன் நிறமாலையில் கன ஹைட்ரஜனுக்கான கோடு, இருக்க வேண்டிய இடத்தில் அச்சு அசலாக வந்து நின்றது. அது 1931-ன் நன்றியறிதல் நாள், அமெரிக்கர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் பெருநாள். யூரி விருந்துக்குத் தாமதமாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.

ட்விஸ்ட் பிறகு வந்தது. தேடலைத் தொடங்கிவைத்த அந்தக் கணக்கே பிசகு என்று தெரிந்தது. அளவீடு ஒன்றைத் திருத்தியதும் அந்த வித்தியாசமே காணாமல் போனது. தப்பான கணக்கை நம்பித் தேடியவருக்குச் சரியான விடை கிடைத்திருக்கிறது. யூரி இதை மறைக்கவில்லை, நோபல் உரையின் அச்சுப் பிரதியிலேயே பதிவு செய்தார்.

1934-ன் வேதியியல் நோபல் யூரிக்கு மட்டும் கிடைத்தது. மனைவி ஃப்ரீடா நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்ததால் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அவர் போகவில்லை. பரிசுப் பணத்தில் மர்பிக்கும் பிரிக்வெட்டுக்கும் பங்கு கொடுத்தார். அதே காலத்தில் தனக்கு வந்த இன்னோர் ஆய்வு நிதியில் பாதியையும் பக்கத்துத் துறையில் இருந்த இசிடோர் ராபிக்குக் கொடுத்தார். ராபி பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கினார். கிரெடிட்டையும் காசையும் இப்படிப் பகிர்ந்துகொள்கிற பெரியவர்கள் ஆராய்ச்சி உலகில் அதிகம் இல்லை. மறுபக்கமும் ஒன்று உண்டு. தூய்மைக்கு மிக அருகில் கனநீரை முதலில் தயாரித்துக் காட்டியவர் அவருடைய குரு லூயிஸ்தான். அவருக்குக் கடைசிவரை நோபல் கிடைக்கவில்லை.

யுரேனியத்தோடு போராட்டம்

ஐசோடோப்களைப் பிரிப்பதில் கைதேர்ந்தவர் என்ற பெயரே யூரியைப் போருக்குள் இழுத்தது. அணுகுண்டுக்கு யுரேனியம்-235 தேவை. இயற்கை யுரேனியத்தில் அது 0.7 சதவீதம்தான், மிச்சம் அனேகமாக எல்லாமே யுரேனியம்-238. வேதியியலில் இரண்டும் இரட்டைப் பிறவிகள், எடையில் ஒரு சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம். யுரேனியத்தை வாயுவாக்கி, நுண்துளைகள் கொண்ட தடுப்புகள் வழியே திரும்பத் திரும்பச் செலுத்திப் பிரிக்கும் முறைக்கான ஆய்வகத்துக்கு, கொலம்பியாவில், யூரி தலைமை தாங்கினார்.

அது அவருக்கு நிம்மதியான காலம் இல்லை. தடுப்புக்குச் சரியான பொருள் அமையவில்லை. ராணுவத் தலைமையோடு உரசல். ஆயிரக்கணக்கானோரைக் கட்டி மேய்க்கும் நிர்வாகம் அவருக்குக் கைவரவில்லை. வேலை கைமாறியது, ஓக் ரிட்ஜில் பிரம்மாண்டமான கே-25 ஆலை எழுந்தது. 1945 மே மாதம், லியோ ஸிலார்டோடும் வால்டர் பார்ட்கியோடும் தெற்கு கரோலினாவுக்கு ரயில் ஏறினார். அடுத்து வெளியுறவு அமைச்சராகப்போகும் ஜேம்ஸ் பர்ன்ஸைச் சந்தித்து, குண்டைப் பயன்படுத்துவதன் விளைவுகளை எடுத்துச்சொல்வதுதான் நோக்கம். பலனில்லை. ஆகஸ்டில் ஹிரோஷிமா.

போருக்குப் பின் அணு ஆற்றல் ராணுவத்தின் கையில் இருக்கக் கூடாது என்று மேடை மேடையாகப் பேசினார். ஐன்ஸ்டைன் தலைமையில் 1946-ல் அமைந்த அணு விஞ்ஞானிகளின் அவசரக் குழுவில் யூரிதான் துணைத் தலைவர். 1953-ல் ரோசன்பெர்க் தம்பதியின் மரண தண்டனையை நிறுத்தச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டார். கம்யூனிஸ்ட் என்ற முத்திரை விழுந்தால் வேலையே போகும் காலம் அது. சும்மா இல்ல.

கணவாயின் உறவுக்காரன் சொன்ன வெப்பநிலை

குண்டு வேலையை விட்டு வெகுதூரம் போக வேண்டும் என்று அவர் நினைத்தார். போய்ச் சேர்ந்த இடம் கடல்.

1946 டிசம்பரில், லண்டனில் அவர் ஓர் உரை ஆற்றினார். அடுத்த ஆண்டு அச்சான அந்த உரைதான், இன்றைய ஐசோடோப் புவிவேதியியலின் அஸ்திவாரங்களில் ஒன்று. விஷயம் இதுதான்: அணுக்கள் பிணைப்பில் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. கனமான ஐசோடோப் நிதானமாக அதிரும், அதனால் இறுக்கமான பிணைப்பில் போய் உட்காரவே அதற்குப் பிடிக்கும். ஒரு பொருளில் கனமானது கொஞ்சம் கூடும், இன்னொன்றில் கொஞ்சம் குறையும். எவ்வளவு என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. குளிரில் வித்தியாசம் அதிகம், சூட்டில் குறைவு. இதைக் கணக்கிடும் சூத்திரத்தை யூரி தந்தார். போர்க்காலத்தில் அவருடைய ஆய்வகத்தில் இருந்த ஜேக்கப் பிகலைசனும் மரியா கோப்பர்ட் மேயரும் அதே 1947-ல் இதே முடிவைத் தங்கள் வழியில் வெளியிட்டார்கள். பிகலைசன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடி வருவார்.

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் தெர்மாமீட்டர். கடல்வாழ் உயிர் ஓடு கட்டும்போது, நீரின் சூட்டுக்கு ஏற்ப ஆக்சிஜன்-18, ஆக்சிஜன்-16 விகிதம் ஓட்டில் பதிந்துவிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டு கழித்து ஓட்டைச் சோதித்தால் அன்றைய கடலின் சூடு தெரிய வேண்டும். ஆனால் 1 டிகிரி மாறினால் விகிதம் மாறுவது பத்தாயிரத்தில் 2 பங்குதான். அந்தக் காலத்துக் கருவிகள் எதற்கும் அவ்வளவு நுட்பம் கிடையாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூரியும் சாமுவேல் எப்ஸ்டைன், சார்லஸ் மெக்கின்னி, ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் போன்ற சகாக்களும் கருவியைச் செம்மைப்படுத்தவே வருடங்களைச் செலவழித்தார்கள்.

1951-ல் பலன் வந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலம்னைட் புதைபடிமம். கணவாய் மீனின் தூரத்து உறவு, டைனோசர் காலத்துக் கடலில் நீந்தியது. மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் கொண்ட அதன் உள்ளோட்டை அடுக்கடுக்காகச் சுரண்டிச் சோதித்தார்கள். சிறுபிராயம் போக மூன்று கோடையும் நான்கு குளிர்காலமும் பார்த்திருக்கிறது. வசந்த காலத்தில், ஏறத்தாழ 4 வயதில் செத்திருக்கிறது. அது வாழ்ந்த கடலின் சராசரி வெப்பநிலை 17.6 டிகிரி. மனிதர்களே இல்லாத காலத்தில் வாழ்ந்து மடிந்த ஒரு பிராணிக்கு இறப்புச் சான்றிதழ் எழுதியது மாதிரி.

யூரியின் ஆய்வகத்தில் இருந்து கிளம்பிய செசாரே எமிலியானி, இதே உத்தியைக் கடலடி வண்டலில் இருந்த நுண்ணுயிர் ஓடுகளில் பயன்படுத்தி, 1955-ல் பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தை வரைந்தார். அவர் பார்த்ததில் பெரும்பங்கு சூட்டின் மாற்றம் அல்ல, பனிப்பாறைகளில் அடைபட்ட நீரின் அளவு என்று பின்னால் திருத்தப்பட்டது. ஆனால் கடலடிச் சேறு ஒரு பதிவேடு என்பது உறுதியாகிவிட்டது.

ஆக்சிஜன் இல்லாத பூமி

இதே சிகாகோ நாட்களில்தான் அந்தப் பாடப்புத்தகப் பரிசோதனையும் நடந்தது. ஆரம்ப காலப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவைதான் இருந்தன என்பது யூரியின் கருத்து. வகுப்பில் கேட்ட ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர் இதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று வந்தார். முனைவர் பட்டத்துக்கு இது ரிஸ்க் என்று யூரி முதலில் தயங்கினார், பிறகு கெடு வைத்து ஒப்புக்கொண்டார். கண்ணாடிக் குடுவையில் வாயுக்கள், மின்பொறி, சில நாட்களில் அமினோ அமிலங்கள். 1953 மே மாதம் கட்டுரை வெளியானபோது அதில் யூரியின் பெயர் இல்லை. தன் பெயர் இருந்தால் பெருமை எல்லாம் தனக்கே வந்துவிடும், பையனுக்குப் போய்ச் சேராது என்று அவரே எடுத்துவிடச் சொன்னார்.

அந்தக் காற்றில் அவ்வளவு மீத்தேனும் அம்மோனியாவும் இருந்திருக்காது என்று இன்று பலர் கருதுகிறார்கள். ஆக்சிஜன் இல்லை என்ற பகுதி மட்டும் நிலைத்துவிட்டது. அப்படியானால் ஆக்சிஜன் எப்போது வந்தது? கடலுக்குள் எப்போது இறங்கியது? அதற்கு யூரியின் காலத்துக் கருவிகளால் பதில் சொல்ல முடியவில்லை.

1958-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே புதிதாக உருவான பல்கலைக்கழகத்தின் முதல் பேராசிரியர்களில் ஒருவரானார். நிலா மேல் பெரும் மோகம். அது சூடேறாத ஆதிப்பொருள் என்று வாதாடினார். அப்போலோ கற்கள் வந்து அதைப் பொய்யாக்கியதும் கருத்தை மாற்றிக்கொண்டார். 1981 ஜனவரி 5 அன்று, 87 வயதில் காலமானார். உடல் இண்டியானாவுக்கே கொண்டுபோகப்பட்டது.

உலோகம் பேச ஆரம்பித்தது

யூரியின் சூத்திரப்படி, தனிமம் கனமாகக் கனமாக ஐசோடோப் வித்தியாசம் சுருங்கும். ஹைட்ரஜனில் எடை இரு மடங்கு, ஆக்சிஜனில் எட்டில் ஒரு பங்கு, யுரேனியத்தில் ஒரு சதவீதம் சொச்சம். அதனால் கன உலோகங்களில் தேடுவது வீண் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1990-களில் வந்த புது வகை நிறைமாலைமானி அதை மாற்றியது. மாதிரியைப் பல ஆயிரம் டிகிரி சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்தி, ஐசோடோப்களை ஒரே நேரத்தில் தனித்தனியாக எண்ணும் கருவி அது.

மாலிப்டினத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் உள்ள கடலில் அது கரைந்தே கிடக்கும். கடலடியில் உருவாகும் மாங்கனீஸ் ஆக்சைடுகள் லேசான மாலிப்டினத்தைப் பொறுக்கி இழுத்துக்கொள்ளும், அதனால் நீரில் கனமானது கூடும். கருங்கடலின் அடியாழம் போல ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த இடத்திலோ, மாலிப்டினம் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சேற்றில் இறங்கிவிடும். அப்போது பாகுபாடே இல்லை, நீரின் விகிதம் அப்படியே சேற்றில் பதியும். உலகம் முழுக்க ஆக்சிஜன் இல்லாத பரப்பு விரிந்தால் மாங்கனீஸ் ஆக்சைடுகள் குறையும், கடலின் விகிதம் லேசான பக்கம் சாயும். அந்தக் காலத்துக் கருஞ்சேற்றுப் பாறை ஒன்றைச் சோதித்தாலே அன்றைய மொத்தக் கடலின் நிலை பிடிபடும். 2004-ல் ஏரியல் அன்பாரின் குழு இந்த வழியில்தான், 100 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல்களில் ஆக்சிஜன் இல்லாத பகுதி இன்றைவிட வெகு அதிகம் என்று காட்டியது. 2007-ல், மேற்கு ஆஸ்திரேலியாவின் 250 கோடி ஆண்டு பழைய மவுண்ட் மெக்ரே பாறையில் மாலிப்டினத்தின் அளவு திடீரென எகிறி இருப்பதைப் பார்த்தார்கள். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைபெறுவதற்கு முன்பே ஒரு சின்ன மூச்சு வந்து போயிருக்கிறது.

தாலியமும் மாங்கனீஸ் ஆக்சைடுகளையே நம்பியிருக்கிறது, ஆனால் அங்கே சேற்றுக்குப் போவது கனமான ஐசோடோப். இரண்டையும் சேர்த்து வைத்து ஒன்றின் சாட்சியை மற்றொன்றால் சரிபார்க்கிறார்கள்.

யுரேனியம்தான் புதிர். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அது கரையாத வடிவத்துக்கு மாறிப் படியும். அப்படிப் படியும்போது 238 சற்று அதிகமாகப் போகிறது. யூரியின் சூத்திரம் சொன்னதைவிட வித்தியாசம் பெரியது. போதாக்குறைக்கு, திசையும் தலைகீழ்! விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. யுரேனியத்தை வேதிமுறையில் பிரிக்க முயன்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே விசித்திரத்தை ஆய்வகத்தில் பார்த்திருந்தார்கள். அதற்கு 1996-ல் விளக்கம் எழுதியவர் பிகலைசன். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். இவ்வளவு கனமான அணுவில் எடை மட்டும் போதாது, அணுக்கருவின் பருமனும் வடிவமும் எலக்ட்ரான்களைப் பாதிக்கின்றன, சூத்திரத்தில் அதையும் சேர்க்க வேண்டும் என்றார். அரை நூற்றாண்டுக்கு முன் தானும் சேர்ந்து உருவாக்கிய கணக்கில் விடுபட்டதைத் தானே நிரப்பினார்.

238 சேற்றுக்குப் போகப் போகக் கடல் நீரில் அதன் பங்கு குறையும், அந்தக் குறைவு சுண்ணாம்புக்கல்லில் பதியும். 2011-ல் தென் சீனாவின் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் இதை அளந்தார்கள். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்த பெர்மியன் பேரழிவின் தருணத்தில் யுரேனியம்-238-ன் விகிதம் சட்டென்று சரிகிறது. சைபீரிய எரிமலைகள் கக்கிய கார்பன், சூடான கடல், விரிந்துகொண்டே போன ஆக்சிஜனற்ற பரப்பு. பிறகு எடுத்த மாதிரிகள், கடல் பழைய மூச்சுக்குத் திரும்ப லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்ததையும் காட்டுகின்றன.